பிள்ளைகளோடு வெளிநாட்டில் போய் இருக்கப்போகும் ஓய்வூதியர்களுக்கு: வரியும் செலவும்

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் தேதியைப் பிள்ளைகள் குறிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நீங்களே குறியுங்கள். டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் நாள் வேறு, உங்கள் வரிக்கு ஒத்துவரும் நாள் வேறு. குடியேறும் வருடத்தில் சில நாள் முன்பின் ஆனாலே அந்த வருடம் முழுவதற்கும் உங்கள் வரிக்கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.

என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி மார்த்தாண்டத்தில் ஒரு வங்கிக் கிளையின் வெளிநாட்டுக் கணக்குப் பிரிவில் போனது. இப்போது நானும் என் வீட்டுக்காரரும் மெல்போர்னில் மகளோடு இருக்கிறோம். வருடத்தில் கொஞ்ச காலம் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவோம். வந்த மறுநாளே யாராவது ஒரு பையில் பாஸ்புக்குகளோடு வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். வரி விகிதங்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும். இங்கே சொல்லும் நாள் கணக்கின் அடிப்படை அதிலும் அதேதான்.

போய் வருகிறீர்களா, குடியேறுகிறீர்களா?

திருவட்டார் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். டீச்சரும் பள்ளியில் வேலை பார்த்தவர்தான். மகன் டொரான்டோவில்.

"சார், கனடாவுக்கு சூப்பர் விசாவிலயா போறீங்க, இல்ல அங்கேயே நிரந்தரமா இருக்க பி.ஆர். போட்டிருக்கா?"

"அவன் என்னவோ பேரு சொன்னான் மேடம். அதெல்லாம் பய பாத்துக்கிடுவான்."

"விசாவை அவன் பாத்துக்கிடட்டும் சார். உங்க பேங்க் கணக்கு என்ன ஆகும்னு நீங்கதான் பாக்கணும். விசா பேரு தெரியாம நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

டீச்சர் அங்கேயே போனைப் போட்டு மகனிடம் கேட்டார். சூப்பர் விசா. அந்த ஒரு பதிலில் பாதிக் கேள்வி தீர்ந்துபோனது. சூப்பர் விசா என்றால் அது வருகையாளர் விசா. ஒரு தடவை போனால் 5 வருடம் வரை இருக்கலாம், ஆனால் அந்த நாட்டின் குடியிருப்பு உரிமை கிடையாது. ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான 870 என்ற தற்காலிக விசாவும் ஏறக்குறைய இப்படித்தான்: 3 வருடம் அல்லது 5 வருடத்துக்குக் கொடுப்பார்கள், மொத்தம் 10 வருடத்துக்கு மேல் கிடையாது. கிரீன் கார்டு, ஆஸ்திரேலியாவின் 143 விசா போன்றவை நிரந்தரக் குடியேற்றம். துபாயில் மகன் பெயரில் எடுக்கும் பெற்றோர் விசா வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது.

மழைக்காலத்தைப் பிள்ளைகளோடு கழித்துவிட்டு ஐந்தாறு மாதத்தில் திரும்பிவிடுபவர் என்றால் உங்களுக்கு இங்கே ஒன்றும் மாறவில்லை. வீடு இங்கே, வாழ்க்கை இங்கே, நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். யாராவது சொன்னார்கள் என்று ஓடிப்போய் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்திய வருமானத்தை வைக்கும் கணக்கு) ஆக்காதீர்கள். திரும்பி வருவது எப்போது என்று சொல்ல முடியாமல், அங்கேயே இருக்கும் எண்ணத்தோடு போகிறவர்களுக்குத்தான் கணக்கை மாற்றும் கடமை வருகிறது. அது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கணக்கு. அதில் உங்கள் எண்ணத்தைப் பார்ப்பார்கள். வருமான வரிச் சட்டம் நாட்களை எண்ணும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறவர்கள்தான் அதிகம். ஒரே ஆள் ஒரே வருடத்தில் ஒரு சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகவும் மற்றதன்படி இந்தியாவில் வசிப்பவராகவும் இருக்க முடியும்.

நாள் கணக்கு

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் வசிப்பவர். அவ்வளவு இல்லாவிட்டாலும், அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்திருந்தால் அப்போதும் வசிப்பவர்தான். காலமெல்லாம் இங்கேயே இருந்த நமக்கு அந்த 365 நாள் எப்போதோ நிறைந்திருக்கும். ஆகவே கிளம்பும் வருடத்தில் பார்க்க வேண்டியது 60 மட்டும்.

இதில் ஒரு நுணுக்கம். வேலைக்காக வெளிநாடு போகிற இளைஞருக்கு இந்த 60 என்பது 182 ஆகிவிடும். அந்தச் சலுகை வேலைக்குப் போகிறவருக்கு மட்டும். ஓய்வுபெற்று மகளோடு இருக்கப்போகிற நமக்கு இல்லை. "என் மருமகன் செப்டம்பர்ல போனான், அந்த வருசமே என்.ஆர்.ஐ. ஆயிட்டானே" என்று சொல்லிக்கொண்டு நீங்களும் செப்டம்பரில் போனால், அந்த ஆண்டு முழுவதும் நீங்கள் இந்தியாவில் வசிப்பவராகவே இருப்பீர்கள். ஏப்ரலுக்கு 30 நாள், மே மாதத்துக்கு 31 நாள். மே 20 வாக்கில் கிளம்பிவிட்டால் 60 நாள் ஆகாது. அதே ஆண்டில் நடுவில் திரும்பி வந்தால் அந்த நாட்களும் சேரும், அப்போது கணக்கை ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

குடியேறிய பிறகு ஊருக்கு வந்துபோகும் வருடங்களில் எல்லை தளர்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் ஊர் பார்க்க வரும்போது 182 நாள் ஆகாதவரை வசிப்பவர் ஆகமாட்டார். இந்திய வருமானம் மட்டும் 15 லட்சத்தைத் தாண்டுகிறவருக்கு அந்த எல்லை 120 நாள். பாஸ்போர்ட் முத்திரைகளின் நகலை வருடவாரியாக வைத்துக்கொள்ளுங்கள். வந்த நாளையும் போன நாளையும் சேர்த்தே எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு.

வசிப்பவராக இருப்பது நல்லதா கெட்டதா என்று கேட்பார்கள். நம்மைப் போன்ற நடுத்தர ஓய்வூதியருக்குப் பெரும்பாலும் நல்லது. ஏன் என்பதைக் கணக்காகவே பாருங்கள்.

ஒருவருக்கு வருட ஓய்வூதியம் 6 லட்சம், வங்கி வைப்புகளின் வட்டி 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் ஓய்வூதியத்தில் நிலையான கழிவு 75,000 போக, வரிக்குரிய வருமானம் 8,25,000. இந்தியாவில் வசிப்பவர் என்றால் 12 லட்சம் வரை உள்ள தள்ளுபடியில் வரி பூஜ்யம். வசிக்காதவர் என்றால் அந்தத் தள்ளுபடி கிடையாது. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம் 20,000, மிச்சமுள்ள 25,000க்கு 10 சதவீதம் 2,500. ஆக 22,500, அதன் மேல் 4 சதவீத செஸ் 900. மொத்தம் 23,400 ரூபாய் கட்ட வேண்டும். அதே ஆள், அதே பணம்.

இன்னொரு வேதனையும் உண்டு. என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டியில் வங்கி எடுத்த எடுப்பில் 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்துவிடும். மேலே சொன்ன 3 லட்சத்தில் 93,600 ரூபாய் போய்விடும். ஊரில் இருந்தவரை 15ஹெச் படிவம் கொடுத்துப் பிடித்தமே இல்லாமல் வாங்கினோமே என்றால், அது வசிப்பவருக்கு உள்ளது. பிடித்ததில் உங்கள் வரி போக 70,000 ரூபாய் பக்கம் திரும்ப வரவேண்டியது, ஆனால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் வரும். "வரி கட்ற அளவுக்கு எனக்கு எங்க வருமானம்" என்று தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டவர்களின் பணம் அப்படியே நின்றுபோயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜூலை 31க்குள் ஐ.டி.ஆர்.-2 தாக்கல் செய்யுங்கள். நாம் பழகிய ஐ.டி.ஆர்.-1 வசிக்காதவர்களுக்குச் செல்லாது.

பிடித்தத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. அந்த நாட்டில் வரி வசிப்பவர் என்ற சான்றிதழை வாங்கி, 10எஃப் படிவத்தோடு வங்கியில் கொடுத்தால், இரட்டை வரி ஒப்பந்தப்படி வட்டிக்கான பிடித்தம் குறையும். ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா என்றால் 15 சதவீதம். ஐக்கிய அரபு அமீரகம் என்றால் 12.5 சதவீதம். இதை வருடா வருடம் கொடுக்க வேண்டும்.

பழைய வரி முறையில் இருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். மூத்த குடிமக்களுக்கான 3 லட்சம், 80 வயது தாண்டியவர்களுக்கான 5 லட்சம் விலக்கு வரம்பும், வட்டிக்கு 50,000 கழிவும் வசிப்பவர்களுக்கு மட்டுமே.

கிளம்புவதற்கு முன் வங்கியிலும் அஞ்சலகத்திலும்

குடியேறுபவர் என்று முடிவாகிவிட்டால் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஊரில் உள்ள தம்பியையோ தங்கையையோ கூட்டுக் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் முதலாமவர் காலத்துக்குப் பிறகே மற்றவர் இயக்கும் முறையில்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், தேசிய சேமிப்புப் பத்திரம் போன்றவற்றில் வெளிநாட்டில் வசிப்பவர் புதிதாகச் சேர முடியாது. பி.பி.எஃப். கணக்கு ஏற்கெனவே இருந்தால் முதிர்வு வரை ஓட்டலாம், புதிதாகத் தொடங்க முடியாது.

வைப்புத்தொகை எல்லாவற்றையும் ஒரே தேதியில் முதிரும்படி போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று முதிர்ந்தால், திடீரென்று ஊருக்கு வர நேர்ந்தாலோ வீட்டில் மராமத்து வந்தாலோ எதையும் உடைக்க வேண்டாம்.

ஓய்வூதியம், வாடகை, வட்டி ஆகிய நடப்பு வருமானத்தை வரி போக வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை. வீடு விற்ற பணம் போன்ற முதலை ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து அனுப்பலாம். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த உச்சவரம்பு பக்கத்திலேயே வராது. வசிப்பவராக இருக்கும்போதே பெரிய தொகை அனுப்பினால், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு வங்கி 20 சதவீதம் வரி வசூலித்து வைத்துக்கொள்ளும். அதைக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை பணம் கையில் இருக்காது.

போய் வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இருக்கும்போது சில்லறைச் செலவுக்கென்று மகள் உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறந்து தந்திருப்பாள். நீங்கள் இந்தியாவில் சாதாரணமாக வசிப்பவராக இருக்கும் வருடத்தில் அந்தக் கணக்கை வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியே ஆக வேண்டும். இருப்பு நூறு டாலர்தானே என்று விடாதீர்கள்.

எல்லாப் பாடும் பெயரில் வந்து நிற்கும். நம் ஊரில் தகப்பன் பெயரே இனிஷியல். பாஸ்போர்ட்டில் அது விரிந்து குடும்பப் பெயராகிவிடும், பான் அட்டையில் ஒரு மாதிரி, ஞானஸ்நானப் பெயர் உள்ளவர்களுக்கு ஆதாரில் இன்னொரு மாதிரி. ஓய்வூதியப் புத்தகத்தில் மனைவியின் பெயர் கல்யாணத்துக்கு முந்தையது. இவற்றை ஒன்றாக்கும் வேலையை ஊரில் இருக்கும்போதே முடியுங்கள். குறிப்பாக மனைவி பெயர், பிறந்த தேதி, கூட்டுப் புகைப்படம். நாளை குடும்ப ஓய்வூதியம் வாங்க வேண்டிய நிலையில் அந்த அம்மா வெளிநாட்டில் இருந்துகொண்டு ஒரு எழுத்துப் பிழைக்காக அலையக்கூடாது.

வீடும் தோப்பும்

பிள்ளைகள் முதலில் சொல்வது, "வீட்டை வித்துட்டு வந்திருங்க." நான் சொல்வது, முதல் இரண்டு வருடம் விற்காதீர்கள். அந்த நாட்டுக் குளிர் ஒத்துக்கொள்ளுமா, மருமகளோடு ஒரே சமையலறையில் எத்தனை காலம், பேச்சுத் துணை இல்லாமல் பகலைக் கழிக்க முடியுமா என்பது போன பிறகுதான் தெரியும். திரும்பி வர ஒரு கதவு இருந்தால் மனசுக்குத் தெம்பு.

விற்றே தீர வேண்டியது ஒரு மனையோ இரண்டாவது வீடோ இருந்தால், வசிப்பவராக இருக்கும்போதே விற்றுவிடுங்கள். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு வசிப்பவர் ஒருவர் இரண்டு வழியில் கணக்குப் போட்டு எது குறைவோ அதைக் கட்டலாம்: பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டலோடு 20 சதவீதம். வசிக்காதவருக்கு 12.5 மட்டும். வாங்குகிறவர் செய்ய வேண்டிய பிடித்தமும் வேறு. வசிப்பவர் விற்றால் 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள விலைக்கு 1 சதவீதம். வசிக்காதவர் விற்றால் தொகை சின்னதானாலும் 12.5 சதவீதமும் செஸ்ஸும், பெரிய தொகைக்கு சர்சார்ஜும் உண்டு. குறைந்த பிடித்தச் சான்றிதழ் முன்கூட்டி வாங்காவிட்டால், லாபத்துக்கு என்றில்லாமல் மொத்த விலைக்கே பிடித்துவிடுவார்கள். இந்தத் தொல்லைக்குப் பயந்தே சிலர் வெளிநாட்டில் இருப்பவரின் சொத்தை வாங்கத் தயங்குகிறார்கள்.

தோப்புக் கதை வேறு. வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலமோ தோட்டமோ புதிதாக வாங்க முடியாது. ஏற்கெனவே உள்ளதை வைத்துக்கொள்ளலாம், அப்பா வழியில் வருவதை ஏற்கலாம், விற்றால் இந்தியாவில் வசிப்பவருக்கே விற்க வேண்டும். கிராமப்புற விவசாய நிலத்தின் விற்பனை லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் நிறைய. 10,000 பேருக்கு மேல் உள்ள பேரூராட்சி எல்லைக்குள் வரும் தென்னந்தோப்பு, வரிச் சட்டத்தின் கண்ணில் கிராம நிலம் அல்ல. ஊர் பெரிதாக இருந்தால் எல்லைக்கு வெளியிலும் குறிப்பிட்ட தூரம் வரை இந்தக் கணக்கு நீளும். ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் மக்கள் உள்ள நாகர்கோவில் போன்ற ஊருக்கு அது 6 கிலோமீட்டர்.

தோப்பைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விடுகிறவர்கள் எழுத்தில் விடுங்கள். சொந்தக்காரன்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டால், தேங்காய் வெட்டு நடந்ததா, உரம் வைத்தார்களா என்று மெல்போர்னிலிருந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டை வாடகைக்கு விட்டால், வாடகைக்கு இருப்பவர் உங்களுக்குத் தரும் வாடகையில் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டச் சட்டம் சொல்கிறது. நம் ஊரில் பலருக்கு இது தெரியாது, ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒத்திக்கு விடுகிறவர்கள் அந்தப் பணத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. அவர்கள் காலி செய்யும் நாளில் மொத்தமாகத் திருப்பித் தரவேண்டிய பணம் அது.

பூட்டியே போடுவது என்றால் அதற்கும் செலவு உண்டு. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டு பருவமழை வாங்கும் ஊர் நம்முடையது. ஓட்டின் மேல் இலை அடைந்து தண்ணீர் உள்ளே இறங்கும், கட்டிலுக்கடியில் பூசணம் பிடிக்கும், கதவு நிலையில் கறையான் ஏறும். குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் கடலோரம் என்றால் உப்புக் காற்றில் கேட்டும் ஜன்னல் கம்பியும் துருவாக உதிரும். மாதம் இரண்டு தடவை திறந்து காற்றாட விட்டுப் பெருக்கி வைக்க ஒருவருக்குச் சம்பளம் போட்டுக் கொடுங்கள். மின்கட்டணம், வீட்டுவரி, தண்ணீர்க் கட்டணம் மூன்றும் ஆன்லைனில் கட்டும்படி செய்துவிட்டுப் போங்கள். நகர்ப்புற வீட்டுவரியை அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும்.

இவற்றுக்கெல்லாம் அதிகாரப் பத்திரம் தேவைப்படும். இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போவது சுலபம். வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். விற்கும் அதிகாரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். பராமரிக்க, வாடகை வாங்க, வரி கட்ட என்று வேலையைப் பிரித்து எழுதிக் கொடுங்கள்.

அந்த நாட்டின் வரி

நம்மவர்கள் நினைத்துப் பார்க்காத பகுதி இது. நிரந்தரக் குடியேறியவராக ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ அமெரிக்காவிலோ வரி வசிப்பவர் ஆகிவிட்டால், உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் அங்கே காட்ட வேண்டும். குலசேகரத்து ரப்பர், தேங்காய்ப் பணம், பாட்டத் தொகை உட்பட. இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது இந்தியாவின் சலுகை. அந்த நாடு அதைக் கண்டுகொள்ளாது. வெளிநாட்டுப் பணத்தை இந்தியாவில் போட்டு வைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டியும் அப்படியே. இந்தியாவில் கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். இங்கே வரியே கட்டாத வருமானத்துக்குக் கழிக்க ஒன்றும் இருக்காது.

ஆஸ்திரேலியாவில் 18,200 டாலர் வரை வரி இல்லை; நம் ஓய்வூதியத்தில் பலருக்கு அதற்குள்ளேயே அடங்கிவிடும். தற்காலிக விசாவில் இருப்பவரின் வெளிநாட்டு வருமானத்தில் பெரும்பகுதியை, துணைவரும் அங்கே நிரந்தரவாசி இல்லை என்றால், அந்த நாடு தொடுவதில்லை. அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கியவர், வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கை கொடுக்க வேண்டும். பத்து லட்சம் ரூபாய் எஃப்.டி. உள்ள நம் வாத்தியார் ஒவ்வொருவரும் அதில் வருவார். இந்திய மியூச்சுவல் ஃபண்டுக்கு அங்கே கடுமையான வரி விதி இருப்பதால், கார்டு கைக்கு வருமுன் அதை விற்பது பற்றி யோசியுங்கள்.

வருகையாளர் விசாவில் அமெரிக்கா போய் வருகிறவர்களுக்கும் நாள் கணக்கு உண்டு. இந்த வருட நாட்கள், போன வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய வருடத்தில் ஆறில் ஒரு பங்கு, மூன்றையும் கூட்டி 183 வந்தால் வரி வசிப்பவர். வருடா வருடம் 180 நாள் இருப்பவருக்கு 180, 60, 30 என்று 270 வந்துவிடும். அந்த வருடத்தில் 183 நாளுக்குள் இருந்து, வீடும் வாழ்க்கையும் இந்தியாவில்தான் என்று 8840 படிவம் கொடுத்தால் தப்பிக்கலாம். அந்தப் படிவம் யாரும் கேட்டு வராது, நாமாகக் கொடுக்க வேண்டும்.

வளைகுடாவில், குறிப்பாக அமீரகத்தில், தனிநபர் வருமான வரி இல்லை. அதனால் இங்குள்ள வரி தொலைந்தது என்று பொருள் இல்லை. இந்திய வருமானத்துக்கு இந்தியாவில் வரி எப்போதும் உண்டு.

கிளம்பும் முன் ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் வீடு, மனை, தோப்பு எல்லாவற்றுக்கும் அன்றைய தேதியில் மதிப்புச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவும் கனடாவும், நீங்கள் அங்கே வரி வசிப்பவரான நாளின் சந்தை விலையையே சொத்தின் அடக்க விலையாக எடுத்துக்கொள்கின்றன. பின்னால் விற்றால், அதற்கு மேல் ஏறிய லாபத்துக்கு மட்டுமே அங்கே வரி. தாத்தா காலத்துத் தோப்புக்கு இது பெரிய பாதுகாப்பு. அமெரிக்காவில் இந்த ஏற்பாடு கிடையாது.

ஓய்வூதியமும் உயிர்ச்சான்றும்

நாகர்கோவில் மாவட்டக் கருவூலமோ, தக்கலை, குழித்துறை சார்நிலைக் கருவூலமோ, வங்கியோ, எங்கிருந்து வாங்கினாலும் வருடத்துக்கு ஒரு முறை உயிர்ச்சான்று போகாவிட்டால் ஓய்வூதியம் நிற்கும். போனில் முகத்தைக் காட்டிச் செய்யும் ஜீவன் பிரமாண் வசதி வெளிநாட்டிலிருந்தும் வேலை செய்கிறது. கைரேகை தேய்ந்துபோன வயதில் இது பெரிய உபகாரம். முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பலாம். முதல் தடவையை ஊரிலேயே செய்து பழகிவிட்டுப் போங்கள். வெளிச்சம் சரியாக முகத்தில் விழும் இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைச் சிமிட்ட வேண்டும்; அது ஒரு பழக்கம்.

அரசு ஓய்வூதியத்துக்கும் தனியார் ஓய்வூதியத்துக்கும் வரி ஒப்பந்தங்களில் பொதுவாக விதி வேறுபடும். உங்கள் நாட்டு ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை ஆடிட்டரோடு உட்கார்ந்து படியுங்கள்.

செலவு எதில் போகிறது

சாப்பாட்டுக்கு யாரும் பயப்பட வேண்டாம். டான்டினாங் பக்கத்துக் கடைகளில் உறைய வைத்த மரச்சீனியும் சாளையும் கிடைக்கிறது, தேங்காய் எண்ணெய் கிடைக்கிறது. மட்டிப் பழம் மட்டும் கிடைக்காது. பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது வாடகையும் இல்லை. பணம் போவது மருத்துவத்தில்.

நிரந்தரவாசிக்கு ஆஸ்திரேலியாவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. தற்காலிக விசாவில் இருப்பவருக்குத் தனியார் காப்பீடுதான். கனடா சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலர் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவில் கிரீன் கார்டு இருந்தாலும், அங்கே வேலை பார்த்த வரலாறு இல்லாத 65 வயதுக்காரர் 5 வருடம் தொடர்ந்து இருந்த பிறகே மெடிகேரில் பணம் கட்டிச் சேர முடியும். அரசின் முதியோர் உதவித்தொகை பற்றிக் கனவு காண வேண்டாம்: ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் 10 வருடம் வசித்திருக்க வேண்டும்.

காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, இரத்த அழுத்தம், ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். "இல்லைன்னு போட்டுருங்கம்மா, பிரீமியம் குறையும்" என்று பிள்ளையே சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு கிளெய்மை மறுத்துவிட்டால், அந்தப் பில் ஒரு வீட்டையே விழுங்கும்.

ஊரில் எடுத்த மருத்துவக் காப்பீட்டைப் போகிறோம் என்று கைவிடவும் கூடாது. அது இங்கே நடக்கும் சிகிச்சைக்குத்தான், சரி. ஆனால் விட்டுவிட்டுத் திரும்பி வந்து புதிதாக எடுத்தால், பழைய நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருக்க வேண்டி வரும். இந்த வயதில் புதிதாகக் கொடுப்பார்களா என்பதே சந்தேகம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

கண்புரை, பல், காது கேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடி இவை நான்கையும் நாகர்கோவிலிலேயே முடித்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். ஆஸ்திரேலிய மெடிகேரில் பெரியவர்களின் பல் வைத்தியம் பொதுவாகச் சேராது. டாக்டர் சீட்டோடு மூன்று மாத மருந்தை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகலாம். கருவாடு, ஊறுகாய், விதை எது வைத்திருந்தாலும் விமான நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தால் அதிகபட்சம் வாங்கிப் போட்டுவிடுவார்கள், மறைத்தால் அபராதம்.

மாத பட்ஜெட் போடும்போது இரண்டு வீட்டுச் செலவாகவே போடுங்கள். இங்கே வீடு காக்கிறவர் சம்பளம், வரிகள், காப்பீடு, கல்யாண முறைகள், கோயில் அல்லது சபைக் காணிக்கை. அங்கே காப்பீடு, மருந்து, போன், பேரப்பிள்ளைகளுக்கு உங்கள் கையால் வாங்கித் தரும் சில்லறைச் சந்தோஷம். வருடத்துக்கு ஒரு தடவை இருவரும் வந்துபோகும் டிக்கெட். இத்தனையும் ஓய்வூதியத்துக்குள் அடங்க வேண்டும், முதலைத் தொடாமல். அவசரமாக ஊர் திரும்ப ஒரு தொகையைத் தனியாக வையுங்கள், அதைப் பிள்ளைகளிடம் கணக்குச் சொல்லவும் வேண்டாம். அப்பா அம்மாவுக்குப் பணம் எதற்கு என்று அன்போடுதான் கேட்பார்கள். அன்போடே இல்லை என்று சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் செல்போன் எண். வங்கி, வருமான வரி, ஓய்வூதியம் எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த ஒரு எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண் வேறொருவருக்குப் போய்விட்டால், அங்கிருந்து மீட்பது பெரும்பாடு. சர்வதேச ரோமிங்கைத் திறந்து வைத்து, குறைந்தபட்ச ரீசார்ஜைத் தவறாமல் போட ஊரில் ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள். சிம் உங்கள் போனில் இருக்கட்டும், மகன் போனில் அல்ல.